பரணில் கிடந்த இலவச மடிக்கணினி

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பித்தளை அண்டா, உடைந்த ஊஞ்சல் சங்கிலி, என் சம்பளப் பட்டியல் நகல்கள், அதற்கடியில் ஒரு கறுப்புப் பை. உள்ளே மடிக்கணினி. மூடியில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் படம். என் மச்சான் மகள் எங்கள் வீட்டில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் கொடுத்தது. அவள் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். போன் போட்டுக் கேட்டேன். "அதை ஏன் மாமா இன்னும் வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க" என்றாள்.

என் மனைவி அதற்குள் பழைய சாமான்காரரிடம் விலை பேசிவிட்டாள். அண்டா தனி, கணினிக்கு முந்நூறு ரூபாய். "ஏங்க, அது ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆகுது, அதுக்கு முந்நூறே ஜாஸ்தி" என்பது அவள் வாதம். நான்தான் கொடுக்க மாட்டேன் என்றேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிவு செய்ய வேண்டுமென்றால் அது பழுது என்று முதலில் நிரூபணம் ஆக வேண்டும். இது பழுதா, அல்லது வெறும் மெதுவா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம் அது. பல லட்சம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அந்தக் காலத்துக்கு அது நல்ல கணினிதான். 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 இருக்கும், கூடவே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்சும் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவதை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. நம் கணினிக்கு இரண்டும் கிடையாது.

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "ஐந்நூறு கொடுங்க சார், திருட்டு விண்டோஸ் போட்டுத் தர்றேன்" என்றான் பையன். திருட்டு என்று அவனே சொல்லிவிட்ட நேர்மையைப் பாராட்டிவிட்டு வந்துவிட்டேன். விண்டோசையே யாரோ தனி ஆட்கள் வெட்டிக் குறுக்கி இணையத்தில் போடுகிறார்களாம், அது வேகமாக ஓடுமாம். ஓடட்டும். எதை வெட்டினார்கள், எதை உள்ளே சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாத ஒன்றில் பென்ஷன் கணக்கைத் திறந்து பார்க்க எனக்கு மனமில்லை. என் சிபாரிசு லினக்ஸ். அதிலும் பழைய இயந்திரத்துக்கென்றே இளைத்த உடம்போடு வருபவை உண்டு. நான் எடுத்தது லுபுண்டு. இன்னும் கிழடாக இருந்தால் ஆன்டிஎக்ஸ் என்று ஒன்று இருக்கிறது.

இங்கே கொஞ்சம் என் பழைய கதை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா போன பிறகு தாய்மாமன் ஊரான போளூருக்கு வந்து, ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதினேன். அதனால் சில விஷயங்கள் எனக்குப் பிரெஞ்சு வழியாகத்தான் புரியும். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றால் ஓசியா சுதந்திரமா என்று குழப்பம். பிரெஞ்சில் அந்தக் குழப்பமே இல்லை. ஓசிக்கு 'கிராத்துய்', சுதந்திரத்துக்கு 'லிப்ர்'. இந்த மென்பொருளை அவர்கள் 'லிப்ர்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் நம் பிள்ளைகள் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்வதும் அதே நேர்த்திதான். நமக்குக் கிடைத்த கணினி 'கிராத்துய்'. அதை 'லிப்ர்' ஆக்க யாரும் சொல்லித் தரவில்லை. என் மனக்குறை அவ்வளவுதான்.

பிரான்சில் ழான்தார்மெரி என்ற காவல் படை 2008 முதல் தன் கணினிகளை உபுண்டு லினக்சுக்கு மாற்றிக்கொண்டது. அவ்வளவு தூரம் போவானேன், கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்கிறார்கள். நம் பக்கம் விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து சொல்லித் தருகிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கினேன். லுபுண்டுவின் கோப்பு மூன்று ஜிபிக்குப் பக்கம். என் இன்னொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் காப்பி செய்து, பழைய கணினியில் சொருகி உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோப்பைச் சும்மா காப்பி செய்யக் கூடாது. ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற சிறு மென்பொருளால் 'எழுத' வேண்டும். மனுவை உறைக்குள் போட்டுத் தபால் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி ஆகியிருக்கிறது. இன்னொன்று, அப்படி எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பேரன் போட்டோ வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

மறுநாள் பவர் பொத்தானை அழுத்தியதும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தேன். எதிலிருந்து கிளம்பட்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. சில கணினிகளில் எஃப்2 அல்லது எஸ்கேப். யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்ததும் லுபுண்டு திரையில் வந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பெண் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று வருவது போல. ஒலி வருகிறதா, காமிரா தெரிகிறதா என்று பார்த்தேன். வைஃபை மட்டும் வரவில்லை. செல்போனை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்து, வைஃபைக்கு வேண்டிய டிரைவரை அது வழியாகப் பிற்பாடு இறக்கினேன்.

மச்சான் மகளின் பள்ளி விழாப் படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, 'முழு டிஸ்க்கையும் அழி' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கை நடுங்கியது உண்மை.

அதற்கு முன்பே ஒரு கிறுக்குத்தனம் செய்திருந்தேன். மொழி எது என்று கேட்டபோது ஆசையில் பிரான்சே என்று கொடுத்தேன். விசைப்பலகையும் பிரெஞ்சாகிவிட்டது. அப்பா வேலை செய்த நோத்தேர் ஆபீசில் பார்த்த தட்டச்சு இயந்திரம் போல ஏ இருக்கும் இடத்தில் க்யூ. கவனிக்காமல் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன். பிற்பாடு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். மறுநாள் காலை, கடவுச்சொல் தவறு. மூன்று முறை, நான்கு முறை, தவறு. மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. 'அம்மா' என்று தொடங்கும் கடவுச்சொல் அது. நான் அடித்தது அம்மா, கணினி வாங்கிக்கொண்டது க்யூ, கமா, கமா, க்யூ! அப்படியே அடித்தேன், திறந்துகொண்டது. (உடனே மாற்றிவிட்டேன், முயற்சி செய்ய வேண்டாம்.)

இப்போது ஒரு நிமிடத்துக்குள் ஆன் ஆகிறது. தமிழ்99 விசைப்பலகை சேர்த்திருக்கிறேன், லிப்ரே ஆபீசில் தமிழ் அழகாக விழுகிறது. குறையும் சொல்ல வேண்டும். உலாவியில் மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் திறந்தால் திணறுகிறது. பேட்டரி செத்துவிட்டது, மின்சாரம் போனால் கணினியும் போகும். என் பழைய ஸ்கேனர் இதோடு பேச மறுக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் சொந்த ஊர் ஜமுனாமரத்தூரைத் தாண்டி மலையில். அவர் தங்கை மகள் திருவண்ணாமலையில் பி.ஏ. படிக்கிறாள். செமினார் கட்டுரையெல்லாம் செல்போனில் கட்டை விரலால் அடித்து, கடையில் பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்துப் பிரிண்ட் எடுக்கிறாள். அவளை வரச்சொல்லிக் கணினியைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் நான் ஒரு வாரம் கற்றதைக் கற்றுக்கொண்டாள். "சார், நெட் இல்லாமலும் ஓடுமா?" என்று ஒரே கேள்வி. மலையில் அவர்கள் ஊரில் சிக்னலுக்குப் பாறைமேல் ஏற வேண்டும். ஓடும் என்றேன்.

அரசாங்கம் பொருள் வாங்கப் பணம் ஒதுக்கும், பழுது பார்க்க ஒதுக்காது. நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் புது மின்விசிறி வாங்குவது சுலபம், பழையதற்குக் கெப்பாசிட்டர் போடுவதுதான் மூன்று கையெழுத்து. இலவச மடிக்கணினியிலும் இதையே பார்க்கிறேன். ஒவ்வொரு ஊர்க் கிளை நூலகத்திலும் இப்படி எழுதிய ஒரு பென் டிரைவும், வாரத்தில் ஒரு நாள் சொல்லித் தர ஒரு கல்லூரிப் பையனும் இருந்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? பரணில் தூங்குபவற்றில் பாதியாவது இறங்கி வரும். புதிதாகக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கொடுத்ததை மறந்துவிட வேண்டாம் என்கிறேன்.

அதுவரை என் பென் டிரைவ் இருக்கிறது. போளூரிலோ பக்கத்திலோ யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஒன்று இருந்தால், சார்ஜரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். மதியம் இரண்டுக்கு மேல் நான் தூங்கிவிடுவேன்.