புனித வெள்ளியும் நம் பிள்ளைகளும்



எங்கள் மாலை நேர மக்தபில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், சென்ற புனித வெள்ளியன்று பெருமிதத்துடன் வந்தான். "ஹஜ்ரத், உங்க ஏசுவைச் சிலுவையில அறையவே இல்ல, எல்லாம் கட்டுக்கதைன்னு பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். அந்நிஸா அத்தியாயத்தின் 157, 158ஆம் வசனங்களின் பொருளை முந்தைய வாரம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பாதிப் பாடத்தையே கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க ஏசு" என்றதிலேயே முதற்பிழை இருக்கிறது. ஈஸா (அலை) நம்முடைய நபியும் அல்லவா?

பள்ளி விடுமுறை என்பதால் அந்நாளையும் கிறிஸ்துமஸ் போன்ற கொண்டாட்டமாகவே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். வாழ்த்துச் சொல்லிவிடுவோரும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கோ அது துக்க நாள். மனிதர்களின் பாவங்களுக்காக ஏசு சிலுவையில் உயிர்நீத்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது அவர்களின் விசுவாசம். அதற்கு முன் நாற்பது நாள் தவக்காலம். கத்தோலிக்கர் அன்று புலால் தவிர்த்து நோன்பிருப்பர், திருப்பலிகூட நிறைவேற்றுவதில்லை. நமக்கு முன்னிருந்தோர்க்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்று அல்பகரா 183ஆம் வசனத்தில் ஓதும் பிள்ளைக்கு, இதைப் புரியவைப்பது கடினமா என்ன?

"அது அவங்க பண்டிகை, நமக்கென்ன" என்று பெற்றோர் பலர் வாயடைத்துவிடுகின்றனர். அப்படி வளரும் பிள்ளை, கேலியைத் தெருவில் தானாகவே கற்றுக்கொள்கிறது. ஈஸா (அலை) கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்ற நம் ஈமானில் கடுகளவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி வாதிடாதீர்கள் என்ற அல்அன்கபூத் 46ஆம் வசனத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி கேட்டபோது, ஜஅஃபர் (ரலி) மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார். ஈஸா அல்லாஹ்வின் அடியார், தூதர் என்பதையும் மறைக்கவில்லை. அடைக்கலம் தேடிச் சென்ற இடத்தில் அவ்வளவு துணிவு, அவ்வளவு கண்ணியம்!

அந்த நண்பன் இவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். "சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேள், நம் நம்பிக்கைக்காக அல்ல" என்றேன்.

"அப்பவும் பேசலன்னா, ஹஜ்ரத்?"

"பொறுத்திரு. நோன்புப் பெருநாளைக்கு வழக்கம்போல் அவன் வீட்டுக்கு பிரியாணியை நீயே கொண்டுபோய்க் கொடு" என்றேன்.