கார்டு போச்சாமே... யாரு சொன்னது?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சூடான பதிவு. பக்கத்துல தண்ணி வெச்சுக்குங்க :-)

வீட்டுக் கம்ப்யூட்டர்ல நெட் விட்டு விட்டு வருதா? பார்க்க வர்றவர் பத்தே நிமிஷத்துல தீர்ப்பு எழுதிடறார். "நெட்வொர்க் கார்டு போச்சு சார். போர்டோட சேர்ந்து வர்றது, மதர்போர்டையே மாத்தணும்." எதை வெச்சு சொல்றீங்கன்னு கேட்டா பதில் கிடையாது. மாசச் சம்பளக்காரனுக்கு அது விளையாட்டுக் காசா?

இன்னொரு கூத்து 127.0.0.1. அதுக்கு பிங் பண்ணி பதில் வந்தா கார்டு நல்லா இருக்குன்னு விவரம் தெரிஞ்ச நம்மாளுங்களே சொல்றாங்க. அய்யா சாமி, அது கார்டைத் தொடறதே இல்லை! ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளயே கிளம்பி அங்கேயே திரும்பிடும். கார்டைக் கழட்டி மேஜை மேல வெச்சாலும் பதில் வரும். சோதிக்கணும்னா ரவுட்டரோட முகவரிக்குப் பண்ணுங்க.

169.254-ல ஆரம்பிக்கற முகவரி வந்தாலும் கார்டு செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. முகவரி கேட்டதுக்கு ரவுட்டர்கிட்ட இருந்து பதில் வரலை, அவ்வளவுதான். குற்றவாளி கேபிளா, ரவுட்டரா, டிரைவரா, கார்டான்னு அது சொல்லாது.

கிகாபிட் வேகம் திடீர்னு 100க்கு இறங்குதா? முதல் சந்தேகம் கேபிள் மேல வரணும். 100 மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கற 4 ஜோடிக் கம்பியில 2 ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலும் வேணும். முனையில ஒரு கம்பி சரியா ஒட்டலைன்னாலே இந்தக் கூத்து நடக்கும்.

அப்போ முறை என்ன? முதல்ல வேற கேபிள். அடுத்து ரவுட்டர்ல வேற போர்ட். அதே கேபிளை ஒரு லேப்டாப்ல சொருகிப் பாருங்க. அங்கே ஒழுங்கா ஓடினா சந்தேகம் கம்ப்யூட்டர் பக்கம் வருது. அப்பவும் அவசரப்படாதீங்க. பென் டிரைவ்ல இருந்து லினக்ஸ் பூட் பண்ணுங்க. அதுல ஓடினா கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் டிரைவர்ல. அதுலயும் ஓடலைன்னா, பயாஸ்ல கார்டு அணைச்சிருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் கார்டு மேல கை வைங்க.

சரி, கார்டே போயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். அதுக்கு எதுக்கு மதர்போர்டு? காலியா இருக்கற ஸ்லாட்ல ஒரு தனி கார்டு, இல்லைன்னா ஒரு யூஎஸ்பி அடாப்டர். வேலை முடிஞ்சது.

தொழில் தெரிஞ்சு, பொறுமையா பார்க்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. என் கோபம் சோதிக்காமலே தூக்குத் தண்டனை குடுக்கறவங்க மேல. அதைவிட, "எதை மாத்திப் பார்த்தீங்க?"ன்னு ஒரு கேள்விகூட கேட்காம பர்ஸைத் திறக்கற நம்ம மேல. அடுத்த தடவை அதை மட்டும் கேட்டுப் பாருங்க. முகம் மாறுறது நல்லாத் தெரியும்!

டிஸ்கி: கார்டு சாகவே சாகாதுன்னு நான் சொல்லலை. இடி மின்னல் சமயத்துல கேபிள் வழியா அடி வாங்கி நிஜமாவே போகும். மழைக்காலத்துல கேபிளைக் கழட்டி வைங்க. அதுக்குக் காசே இல்லை ;-)