சம்பளம் ஏறினால் கடை படுத்துவிடுமா?

"சம்பளத்தைக் கூட்டினால் கடை படுத்துவிடும், சங்கம் வந்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்." முதலாளிகள் மட்டும் இப்படிச் சொன்னால் விட்டுவிடலாம். கடையில் நாளெல்லாம் நிற்பவர்களே இதை நம்புகிறார்கள் என்பதுதான் கொடுமை.

ஆரணிப் பட்டையே எடுத்துக்கொள்வோம். ஆரணியில் தறிக் குழிக்குள் கால் விட்டு நெய்கிறவர் ஒருவர்தான். ஆனால் தார் சுற்ற, பாவு பிணைக்க வீடே கூட உழைக்கிறது. பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேச்சு. ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றிய மனைவிக்கோ அம்மாவுக்கோ அதில் தனிக் கணக்கு கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்கூட இல்லை.

இதே மாதிரிச் சேலையைத் தி.நகர்க் கடையில் விரித்துக் காட்டுபவர் பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பெண். வாடிக்கையாளர் இருபது சேலையைக் கலைத்துவிட்டு எழுந்து போவார். அத்தனையையும் மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்க வேண்டும். நெய்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தச் சேலை எட்டாது, விற்றவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் எட்டாது. பிறகு "வியாபாரம் டல்" என்று கல்லாவில் புலம்பல்.

இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 60 சதவீதம் குடும்பங்கள் செய்யும் செலவு. கோடீஸ்வரருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஆயிரம் ரூபாய் வங்கியில் தூங்கும். சேல்ஸ் பெண்ணுக்குக் கிடைத்தால் ஊருக்குப் போய், அந்த மாதமே மளிகைக்கடையிலும் துணிக்கடையிலும் இறங்கிவிடும். முதலாளியின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தன் கடையில் சம்பளம் குறைவாகவும் மற்ற எல்லாக் கடைகளிலும் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பதே ஒவ்வொருவரின் உள்ளாசை. எல்லோரும் அப்படியே நினைத்தால் ஆடித் தள்ளுபடிக்கு யார் வருவார்கள்?

ஒருவர் மட்டும் கூட்டினால் பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்து அடிப்பார் என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்ட வைக்கும் வழி தேவைப்படுகிறது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஒன்று, சங்கம் இன்னொன்று.

1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி, மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்குள்ள துரித உணவுக் கடைகளை, கூலி உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கடைகளோடு ஒப்பிட்டார்கள். வேலை குறைந்ததற்கான தடயமே இல்லை. பொருளாதார நிபுணர்கள் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சங்கம் வந்தால் மூடல்தான் என்பவர்கள் சென்னையின் வரலாற்றையே மறந்தவர்கள். 1918-இல் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. நிர்வாகம் கதவடைப்பு செய்தது. சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையும் வாங்கியது. அந்த அநியாயத்தின் எதிரொலிதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஆலையோ 1990-கள் வரை ஓடியது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் எதிர்த்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

கடைத்தொழிலில் கோழிக்கோடு முன்னே போனது. மிட்டாய்த் தெருக் கடைகளில் உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை கேட்டுப் பெண்கள் அணிதிரண்டார்கள். அவர்களை ஒருங்கிணைத்தவர் விஜி. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. கேரளத்து ஜவுளிக்கடைகள் இதனால் மூடிப்போகவில்லை.

தி.நகரில் மட்டும் ஏன் சங்கம் வரவில்லை? இங்குள்ள ஊழியர்களில் பலருக்கு முதலாளியின் விடுதியே வீடு, அவர் மெஸ்ஸே சாப்பாடு. சங்கக் கூட்டத்துக்குப் போனது தெரிந்தால் வேலையோடு அன்று இரவு படுக்கிற பாயும் போய்விடும். ஸ்டூல் போடச் சொல்லும் சட்டத்தில் அந்தப் பாய்க்குப் பாதுகாப்பு இல்லை.