மாத்தளை மலையும் பேராதனைப் பாடவிதானமும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலையகம் சரிந்ததை மாத்தளை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த நாட்களில் றத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளின் மலைச்சரிவுகளும் பெயர்ந்து வந்தன. வீதி அறுந்தது, மின்கம்பம் சாய்ந்தது, தொலைபேசி ஓய்ந்தது. நிவாரணம், நட்டஈடு, மீள்கட்டுமானம் என்று அதன் பிறகு நிறையப் பேசியாயிற்று. இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். இந்த மலைகளில் வீதி வெட்டவும், வீடு கட்டவும், கான் அமைக்கவும், எச்சரிக்கை அனுப்பவும் பொறுப்பேற்கப்போகும் பொறியியலாளர்கள், பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் எதைப் படிக்கிறார்கள்?

மாத்தளை நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் பேராதனைப் பொறியியல் பீடம் இருக்கிறது. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் மகாவலிக் கரைக்கு இடம்மாறிய இந்தப் பீடந்தான் நாட்டின் பொறியியல் பட்டக் கல்விக்குத் தாய்வீடு. முதலாம் ஆண்டில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள்; பிறகு குடிசார், இயந்திர, மின் மற்றும் இலத்திரனியல், கணினி, இரசாயனம் எனப் பிரிவுகள். குடிசார் பொறியியலுக்குப் போகிறவர் மண்ணின் இயல்பைப் படிக்கிறார். மற்றவர்கள், மழையில் ஒரு மலை ஏன் சரிகிறது என்பதை ஒரு தடவைகூடக் கணக்கிட்டுப் பார்க்காமலே பட்டம் பெற்றுவிட முடியும். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பீடத்தில் இது தொடரக்கூடாது. எந்தப் பிரிவைத் தெரிவு செய்தாலும், ஒரு செமஸ்டர் முழுவதையும் மலைநாட்டு மாவட்டம் ஒன்றில், மக்களோடும் உள்ளூர் நிறுவனங்களோடும் இருந்து செய்யும் களப் பொறியியலாகப் பட்டப்படிப்பில் கட்டாயமாக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அதைத் தொடங்குவதற்கு மாத்தளையை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ஏன் மாத்தளை? இந்த மாவட்டத்தின் தண்ணீர் வரலாறே பொறியியல் வரலாறு. வசப மன்னன் காலத்தில், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், எலஹெரவில் அம்பன் கங்கையை மறித்துக் கால்வாய் வெட்டினார்கள். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அந்த நீர் மின்சாரம் தந்துவிட்டு சுது கங்கையில் விழுகிறது. அங்கிருந்து அம்பன் கங்கை, பிறகு போவத்தென்னை நீர்த்தேக்கம். அதற்கப்பால் வடமத்திய மாகாணத்தின் வயல்கள். அண்மையில் மொறகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களும் கட்டப்பட்டன. லக்கலை பல்லேகமவின் பழைய நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய், மக்களுக்குப் புதிய நகரம் ஒன்று அமைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அணை கட்டுவதன் கணக்கு எந்தப் பாடநூலிலும் இருக்கும். ஊரை விட்டு எழுப்பி அனுப்பப்பட்டவரின் கிணறு, பள்ளிக்கூடம், மயானம், பேருந்துப் பாதை ஆகியவற்றின் கணக்கை அந்தப் புதிய நகரத்துக்குப் போய் அங்குள்ளவர்களோடு உட்கார்ந்தால்தான் படிக்க முடியும்.

மலையைப் படிக்காமல் கட்டியதற்கு நாடு கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். சமனலவெவ நீர்த்தேக்கத்தை 1992இல் நிரப்பியபோது வலது கரையின் சுண்ணாம்புப் பாறைகள் ஊடாக நீர் ஒழுகத் தொடங்கியது. உமா ஓயாச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் உடைத்துப் பாய, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. இரண்டிலும் கணிதம் தெரியாதவர்கள் வேலை செய்யவில்லை. பாறைக்குள் நீர் எந்த வழியாகப் போகிறது என்ற அறிவுக்குத் திட்டத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே நமது கருத்து.

மண்சரிவு என்பது தெய்வக் குற்றமோ விளக்க முடியாத இயற்கைச் சீற்றமோ அல்ல. மலைச்சரிவில் பாறைக்கு மேல் தளர்ந்த மண் படை ஒன்று கிடக்கும். அதை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது மண்துகள்களுக்கு இடையேயான உராய்வு. நாள்கணக்கில் மழை இறங்கும்போது துகள்களுக்கு நடுவே நீரின் அழுத்தம் ஏறும்; ஏற ஏறத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறையும்; உராய்வும் அதோடு குறையும். ஒரு கட்டத்தில் மண்ணின் எடையே அதை இழுத்துக்கொண்டு கீழே போகும். அடிவாரத்தில் வீதிக்காகவோ வீட்டுக்காகவோ செங்குத்தாக வெட்டியிருந்தால் அந்தக் கட்டம் முன்கூட்டியே வந்துவிடும். தோட்டங்களில் அந்தக் காலத்தில் வெட்டிய கான்கள் தூர்ந்து கிடந்தால் மழைநீர் வெளியே ஓட வழியின்றி மண்ணுக்குள்ளேயே இறங்கும். தோட்டத்தில் கான் வெட்டிய முதியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். பொறியியல் மாணவருக்கு இது சமன்பாட்டில் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதற்கான ஏற்பாடு நமது பாடவிதானத்தில் இல்லை.

இதில் நம்மை வருத்தும் ஒரு செய்தி உண்டு. மண் எப்படி நெகிழ்ந்து உடைகிறது என்பதை விளக்க இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் நவீன மண் பொறியியலின் அடித்தளக் கோட்பாடு 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிஜில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஈழத்துத் தமிழரான பேராசிரியர் அ. துரைராஜா. ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் திரும்பி வந்து பேராதனையில் கற்பித்தார், அந்தப் பீடத்துக்குப் பீடாதிபதியாகவும் இருந்தார், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி 1994இல் மறைந்தார். மண்ணைப் பற்றிய அறிவில் உலகத்துக்கே வழிகாட்டிய ஒருவர் கற்பித்த பீடம், பக்கத்து மாவட்டத்து மண் சரியும்போது எட்ட நிற்க நியாயம் இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தன்னால் இயன்றதைச் செய்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் முதல் எச்சரிக்கை, 100ஐத் தாண்டினால் அடுத்தது, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று அது அளவு வைத்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை கொழும்பில் பிறந்து மலையுச்சி லயனுக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை கை மாற வேண்டியிருக்கிறது? 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோது, அந்த இடம் ஆபத்தானது என்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததும் காப்பாற்றியதும் ஒன்றாகவில்லை. மழைமானி அமைப்பது மின்னியல் வேலை. அதன் தரவை நேரத்துக்கு அனுப்புவது கணினி வேலை. வெளியேற்ற எச்சரிக்கை வந்தவுடன் எந்தப் பாதையால் எங்கே போவது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது குடிசார் வேலை. அதை மக்களிடம் அவர்கள் மொழியில் சொல்வது இவை எல்லாவற்றிலும் பெரிய வேலை. மாத்தளையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழ் பேசுபவர். ஆங்கிலத்தில் படித்துப் பட்டம் பெறும் பொறியியலாளர் சிங்களத்திலும் தமிழிலும் ஓர் அபாயத்தை விளக்கத் தெரியாதவராக இருந்தால் அவரது படிப்பு பாதியில் நிற்கிறது. களச் செமஸ்டரின் முடிவில் மாணவர் தாம் வடிவமைத்ததை ஊர்க் கூட்டத்தில் இரண்டு மொழிகளிலும் விளக்கி, அதற்கும் புள்ளி பெற வேண்டும்.

மண்சரிவு மட்டுமல்ல. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவு பகலாக லொறிகளில் வரும் காய்கறியில் எவ்வளவு கசங்கி, அழுகிப் போகிறது என்று அங்குள்ள வியாபாரியைக் கேட்டாலே போதும். அறுவடைக்குப் பின்னரான இழப்பு இந்த நாட்டில் 30 முதல் 40 சதவீதம் எனக் கணிக்கப்பட்டு வருகிறது. இந்திய உதவியுடன் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள குளிரூட்டிய களஞ்சியம் ஒன்று அங்கே 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. பயிர் ஏற்றும் கூடை, லொறியில் அடுக்கும் முறை, தோட்டத்திலிருந்து களஞ்சியம் வரையிலான முதல் சில மணிநேரம் ஆகியவை இன்னும் இயந்திரப் பொறியியல் மாணவரின் கை படாமலே கிடக்கின்றன. இதே மாவட்டத்தின் வில்கமுவையில் சிறுநீரக நோய் பல குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஓர் ஊரில் பொருத்தப்பட்ட பின்னர், அதன் மென்சவ்வை யார் மாற்றுவது, கழிவுநீரை எங்கே விடுவது, மாதச் செலவை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விகள் இரசாயனப் பொறியியல் மாணவருக்குப் பரீட்சை வினாத்தாளில் வருவதில்லை, ஊரில் வரும்.

எதிர்ப்பு வரும் என்பது தெரியும். பாடவிதானத்தில் ஏற்கெனவே இடமில்லை, எட்டு செமஸ்டரில் எதைக் குறைப்பது என்று விரிவுரையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டாயக் கைத்தொழிற் பயிற்சியின் ஒரு பகுதியையும் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் ஒரு பகுதியையும் ஒன்றுசேர்த்து, திருப்பித் திருப்பிச் சொல்லப்படும் விரிவுரைகள் சிலவற்றை விட்டால் இடம் கிடைக்கும். இன்று பயிற்சிக்காக மாணவர் பெரும்பாலும் கொழும்பின் நிறுவனங்களையே தேடிப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு பிரதேச சபைக்கும், ஒரு தோட்டத்துக்கும், நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அதே அளவு உரிமை உண்டு.

சர்வதேச அங்கீகாரம் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராகிவிட்டது. அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளின் பட்டியலில் கணிதமும் வடிவமைப்பும் இருப்பது போலவே சமூகம், சுற்றாடல், ஒழுக்கநெறி, குழுவேலை, தொடர்பாடல் ஆகியனவும் உள்ளன. ஒரு மலைக்கிராமத்தில் நான்கு மாதம் வேலை செய்வதை விட இவற்றைக் காட்டக் கூடிய வழி வேறென்ன? அங்கீகாரம் இந்த யோசனைக்குத் தடையல்ல, ஆதாரம்.

பாதிப் பேர் நாட்டை விட்டுப் போகப் போகிறார்கள், அவர்களுக்கு ஏன் றத்தோட்டை மலை என்று கேட்பவர்களும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பொறியியலாளர்கள் போனதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத நேரத்தில் போனார்கள். அவர்களைப் படிக்க வைத்தது பொதுமக்களின் வரிப்பணம், அதில் கொழுந்து பறிக்கும் தாயின் பங்கும் இருக்கிறது. ஒரு செமஸ்டர் உழைப்பை அந்தத் தாயின் வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்வெட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவதில் எவருக்கும் நட்டம் இல்லை. போன இடத்திலும் மலை இருக்கும், மழை இருக்கும்.

இதற்கு முன்னுதாரணத்தை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பேராதனையில் மகாவலியைக் கடக்கும் அக்பர் பாலத்தை அந்தப் பீடத்தின் ஆசிரியர்களும் மாணவர்களுமே கட்டினார்கள். இன்றைக்கும் மாணவர்கள் அதன் மேல் நடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள். கையால் கட்டிக் கற்பது அந்த வளாகத்துக்குப் புதிதல்ல, விட்டுப்போன பழக்கம்.

இரண்டு நிபந்தனைகளை நாம் வலியுறுத்துகிறோம். மாணவர் உழைப்பு, வெற்றிடமாகக் கிடக்கும் அரச பொறியியலாளர் பதவிகளை நிரப்பாமல் தள்ளிப்போடும் சாக்காக மாறக்கூடாது; தங்குமிடம், போக்குவரத்து, காப்புறுதி ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். மாணவர் வரைந்த எந்தத் தாங்குசுவரும், எந்த வடிகாலும் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கையொப்பமின்றிக் கட்டப்படக் கூடாது. மக்களின் உயிர் எவருடைய பரிசோதனைக்கும் உரியதல்ல.

மாத்தளைப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 சதவீதம் மாவட்டங்களுக்கும் போக, மிஞ்சும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு, மாத்தளை இல்லை. தோட்டப் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே அரிது என்ற நிலையில், அங்கிருந்து பொறியியல் பீடம் வரை போய்ச் சேரும் பிள்ளை எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தன் ஊர் மலைக்கே ஒரு செமஸ்டர் மாணவப் பொறியியலாளராகத் திரும்பி வரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் தரம் எட்டு மாணவிக்கு, கணிதப் பிரிவு தனக்கும் எட்டும் என்ற எண்ணம் வரும்.

பேராதனைப் பல்கலைக்கழக மூதவை தனது அடுத்த பாடவிதானத் திருத்தத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்தளை மாவட்டச் செயலகமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மாணவர் வேலை செய்யக்கூடிய இடங்களின் பட்டியலை இப்போதே தயாரிக்கலாம். தோட்டக் கம்பனிகள் கதவைத் திறந்து வைக்கலாம். மாத்தளையின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதற்கான நிதியை அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கேட்க வேண்டும். பெற்றோரும் பழைய மாணவர்களும் இந்தக் கோரிக்கையைப் பீடத்துக்கு எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.