நைட்ரேட்டைக் குறைக்கும் முன்

செடி சிவக்க வேண்டுமா? நைட்ரேட்டைக் குறையுங்கள், இரும்புச் சத்தைக் கூட்டுங்கள், விளக்கை ஏற்றுங்கள். நீர்ச்செடி வளர்க்கும் நடவுத் தொட்டித் தொழிலில் இருக்கும் நாம் எல்லோரும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவரும் யோசனை இது. ரொட்டாலாவுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆல்டர்நான்தெராவைப் பட்டினி போட்டால் செடியே நலியும்.

காரணம் நிறமியில் இருக்கிறது. தென்னிந்தியாவின் சொந்தச் செடியான ரொட்டாலா மக்ரான்ட்ராவுக்கும், லுட்விஜியாவுக்கும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். அதன் மூலக்கூறில் நைட்ரஜன் இல்லை. ஒளி மிகுந்து நைட்ரஜன் குறையும்போது, இலை ஆக்கும் சர்க்கரை புரதமாக மாற வழியின்றி மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி நிறமியாகிறது. தென் அமெரிக்க ஆல்டர்நான்தெரா ரைனெக்கியின் நிறமியோ பீட்டாசயனின். பீட்ரூட்டில் இருப்பது அந்த வகைதான். ஆல்டர்நான்தெரா பேரினத்தைச் சேர்ந்த நம் சிவப்புப் பொன்னாங்கண்ணியை வேகவைத்தால் தண்ணீரில் இறங்குவதும் அதுதான். அதன் மூலக்கூறிலேயே நைட்ரஜன் உண்டு. நைட்ரேட் வற்றினால் அடி இலைகள் மஞ்சளித்து உதிரும், நுனி சிறுக்கும், நிறமும் கூடாது.

சந்தேகம் இருந்தால் ஓர் இலையைச் சில சொட்டு வினிகரில் நசுக்கிச் சாற்றைப் பாருங்கள். பிறகு சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஆந்தோசயனின் என்றால் சிவப்பு மறைந்து நீலமோ பச்சையோ தட்டும். பீட்டாசயனின் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே நிற்கும்.

இரண்டு நிறமியிலும் இரும்பு இல்லை. பச்சையம் உருவாக அது தேவை. குறைந்தால் புதுத் தளிர் வெளுக்கும். தளிர் நன்றாக இருக்கும் தொட்டியில் மேலும் இரும்பு ஊற்றுவதால் சிவப்பு வராது. காரத்தன்மையுள்ள நீரில் இடிடிஏ இரும்பைவிட டிடிபிஏ இரும்பு அதிக நேரம் கரைந்து நிற்கும்.

தில்லிக்காரர்கள் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும். நகரின் பல இடங்களில் நிலத்தடி நீரின் நைட்ரேட், குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஆர்.கே.புரத்தில் ஒருவர் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பிவிட்டு, உரத்தில் மட்டும் நைட்ரேட்டை நிறுத்தினால் என்ன பயன்? குழாய் நீரை முதலில் சோதியுங்கள், தேவைப்பட்டால் ஆர்.ஓ. நீர் கலந்து இறக்குங்கள். மே, ஜூன் வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைக் கடக்கும்போது செடியின் சுவாசம் சர்க்கரையைத் தின்றுவிடும், கரியமில வாயுவும் குறைவாகவே கரையும். அப்போது சிவப்பு மங்கினால் உரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

விளக்கிலும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளியின் வலிமையும் நீலப் பகுதியும் நிறமியை உருவாக்கத் தூண்டுகின்றன. சிவப்பு எல்இடி, இருக்கும் நிறமியை எடுத்துக் காட்டுகிறது. சிவப்பு குறைந்த வெள்ளை விளக்கில் அதே செடி பழுப்பாகத் தெரியும். வெவ்வேறு விளக்கில் எடுத்த இரண்டு படங்களை வைத்து ஓர் உரத்தை மெச்சுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

எனவே, இந்த இதழுக்கு அனுபவக் குறிப்பு அனுப்புவோர் இனி செடியின் முழுப் பெயர், குழாய் நீரிலும் தொட்டியிலும் உள்ள நைட்ரேட் அளவு, நீரின் வெப்பநிலை, இலை மட்டத்தில் அளந்த ஒளி ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள். படங்கள் ஒரே விளக்கில் எடுத்தவையாக இருக்கட்டும். இவை இல்லாத குறிப்புகளை வெளியிட மாட்டோம். கடைக்காரர்களும் செடியோடு கொடுக்கும் சீட்டில் நிறமியின் பெயரை எழுதுங்கள். வாங்கிச் செல்பவர் நைட்ரேட்டைக் குறைக்கலாமா கூடாதா என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும்.