ஒத்திகைக்குக் காசு இல்லையாம்!

தோழர்களே!

நாடக மேடையில் வளர்ந்தவன் நான். ஆகவே நாடகக் கொட்டகையிலிருந்தே தொடங்குகிறேன்.

கொட்டகை நிரம்பிவிட்டது. விளக்குகள் எரிகின்றன. வேடம் புனைந்தாயிற்று. திரை உயர வேண்டியதுதான் மிச்சம். அந்த நேரத்தில் ஓடி வருகிறார் கம்பெனி முதலாளி. "பழைய பாடம் வேண்டாம், இதோ புதிய பாடம்! வசனம் வேறு, காட்சி வேறு, முடிவும் வேறு. உம், நடியுங்கள்!" என்கிறார். நடிகன் திகைத்து நின்று, "ஒத்திகை?" என்று கேட்கிறான். "ஒத்திகைக்குக் காசு இல்லை. ஆனால் ஒரு வரி தவறினாலும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு!" என்கிறார் முதலாளி.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தக்க காட்சிதான்! ஆனால் அந்த நடிகன் நிற்கும் இடத்தில் உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியரை நிறுத்துங்கள். அவையோர் இருக்கும் இடத்தில் உங்கள் பிள்ளைகளை அமர்த்துங்கள். சிரிப்பு உதட்டிலேயே உறைந்துபோகும்.

"பட்டம் பெற்றார், பணியும் பெற்றார், அதற்குப் பிறகும் ஆசிரியருக்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்போர் உளர். நூறு இரவு ஆடிய நடிகனுக்கும், பாடம் மாறினால் ஒத்திகை வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் பாடநூல்கள் புதிதாயின. 2022இல் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. கற்பிக்கும் முறையே மாறிற்று. 2025 செப்டம்பர் முதல் நாள், உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு உரைத்தது: ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், முன்பே பணியில் சேர்ந்தவராயினும், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று. நூல் மாறியது, முறை மாறியது, தேர்வும் வந்தது. இவை அனைத்தையும் தாங்கவேண்டிய ஆசிரியருக்குத் துணை எது? பயிற்சிதானே!

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன் நான். எனினும் எனக்கு நாவைத் தந்தவர் ஒரு தமிழாசிரியர். ஒரு கோடை விடுமுறையில் பயிற்சிக்குச் சென்று திரும்பியவர், அடுத்த பாடத்தை எங்களுக்கு ஒப்பிக்கச் சொல்லவில்லை; நடித்துக் காட்டச் சொன்னார். என் முதல் மேடை அந்த வகுப்பறை. யாரோ ஓர் அதிகாரி, எங்கோ ஓர் ஏட்டில், அந்தப் பயிற்சிக்காகச் சில ரூபாய்களை ஒதுக்கி எழுதியிருந்தார். அந்த எழுத்து இல்லாதிருந்தால், இன்று இந்த எழுத்தும் இல்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கழகத் தோழன் ஒவ்வொருவனும் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

1987ஆம் ஆண்டிலிருந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. அவற்றிற்கான நிதியை முழுமையாக ஒன்றியமே ஏற்றது. 2012இல் அது நூற்றுக்கு 75 ஆகக் குறைந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம் 2001இல் தொடங்கியபோது, ஒன்றியத்தின் பங்கு நூற்றுக்கு 85. மாநிலத்தின் பங்கு 15. இன்றைய பங்கீடோ 60க்கு 40! கொடுக்கும் கை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிற்று. கட்டும் கயிறோ ஆண்டுக்கு ஆண்டு நீண்டது.

2018இல் இன்னொரு மாற்றம். தொடக்கக் கல்விக்கு ஒரு பானை, இடைநிலைக் கல்விக்கு ஒரு பானை, ஆசிரியர் கல்விக்கு ஒரு பானை என்று மூன்றாக இருந்ததை, 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்று ஒரே பானையாக்கினர். வசதிதான் என்றனர். ஆனால் பானை ஒன்றானால் மூடியும் ஒன்றாகிறது. மூடியின்மேல் ஒரு கை விழுந்தால், உள்ளே இருக்கும் அத்தனையும் மூடப்பட்டுப் போகிறது!

விழுந்தது அந்தக் கை. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் திட்டம் 3,586 கோடி ரூபாய். பள்ளியில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறி, டில்லியில் திட்ட ஒப்புதல் குழுவால் ஏற்கப்பட்ட திட்டம். அதில் ஒன்றியத்தின் பங்கு 2,152 கோடி. ஒப்புதல் வந்தது, பணம் வரவில்லை. 'பி.எம். ஸ்ரீ' பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடு. அதன் வழியே புதிய கல்விக் கொள்கையையும் ஏற்றுக்கொள். பிறகு பார்க்கலாம் என்றனர். 2025 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சரே அப்பொருள்படப் பேசினார். அடுத்த மாதமே நாடாளுமன்ற நிலைக்குழு, ஒரு திட்டத்தில் கையெழுத்திடாததற்காக மற்றொரு திட்டத்தின் நிதியை நிறுத்துவது நியாயமன்று என்று கூறிற்று. மே மாதத்தில், வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்சநீதிமன்றத்தின் படியேறியது தமிழ்நாடு.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. எந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்று பணத்தைப் பூட்டினார்களோ, அதே 2020ஆம் ஆண்டுக் கொள்கை என்ன சொல்கிறது? ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும் என்கிறது! பயிற்சி வேண்டும் என்று முழங்கும் கொள்கையின் பெயரால் பயிற்சிப் பணத்துக்குப் பூட்டு. பத்தியம் இரு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பத்தியக் கஞ்சிக்கு அரிசி தராத மருத்துவனை என்னென்பது!

பூட்டினால் முதலில் பட்டினி கிடப்பது எது? சம்பளத்தை நிறுத்த இயலாது, குடும்பங்கள் உண்டு. அதை மாநிலம் தன் கையிருப்பைக் கொண்டு ஈடுகட்ட வேண்டியதாயிற்று. கூரை ஒழுகினால் ஊரே பார்க்கும். உடனே ஓடு மாற்றுவர். ஆனால் பயிற்சி நின்றால் யாருக்குத் தெரியும்? மணி அடிக்கும், பள்ளி திறக்கும், ஆசிரியர் வருவார், கரும்பலகையில் எழுத்தும் விழும். எல்லாம் நடப்பதுபோலவே நடக்கும். நட்டத்தின் கணக்கு ஐந்தாண்டு கழித்து, ஒரு பத்தி படிக்கத் திணறும் பிள்ளையின் நாவில் தெரியும். ஓசையின்றி வெட்டத்தக்கது என்பதாலேயே, பயிற்சி முதலில் வெட்டப்படுகிறது.

"பணம் கொடுப்பவன் நிபந்தனை விதிப்பது இயல்புதானே?" என்பார் சிலர். பணம் கொடுப்பவர் யார் என்பதை முதலில் பார்ப்போம். டில்லியில் பணம் காய்க்கும் மரம் இல்லை. நம் நெசவாளியும் வணிகனும் தொழிலாளியும் செலுத்திய வரி அங்கு சென்று, அதில் ஒரு பகுதி இங்குத் திரும்புகிறது. அது பிச்சையன்று, பங்கு.

நிபந்தனையே கூடாது என்று நான் வாதிடவில்லை. 1854ஆம் ஆண்டில் கும்பினி ஆட்சி, உட் என்பாரின் கல்வி அறிக்கையின் வழியே, பள்ளிகளுக்கு மானியம் தரும் முறையை இந்த நாட்டில் வகுத்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றும் அதுவே சொன்னது. அதன் விளைவாக 1856இல் சென்னையில் தோன்றிய பள்ளிதான், இன்று சைதாப்பேட்டையில் கல்லூரியாக நிற்கிறது. அந்த மானியத்திற்கும் நிபந்தனை உண்டு: நிர்வாகம் செம்மையாக இருக்கவேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்க இடம் தரவேண்டும். ஆனால் பள்ளி எந்தச் சமயத்தைப் போதிக்கிறது என்பதில் ஆய்வாளர் தலையிடலாகாது என்றும் வகுத்தனர். வணிகம் செய்ய வந்த கும்பினிக்கே தெரிந்த வரம்பு இது! கணக்கைக் கேள்; காட்டுகிறோம். கொள்கையைக் கேளாதே, அது விற்பனைக்கு இல்லை.

இந்த நோய் இந்தியாவுக்கு மட்டுமே உரியது என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில், ஆசிரியர் பயிற்சிக்கென்றே கல்விச் சட்டத்தின் 'இரண்டாம் தலைப்பு' வழியாக ஆண்டுதோறும் ஏறத்தாழ 220 கோடி டாலர் மாநிலங்களுக்குச் செல்கிறது. 2025 சூலை முதல் நாள் வரவேண்டிய அந்தப் பணத்தை, வேறு சில கல்வி நிதிகளோடு சேர்த்து, 'மறுஆய்வு' என்று சொல்லி வாஷிங்டன் நிறுத்தி வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்கு மன்றம் சென்றன. ஆளுங்கட்சியின் செனட் உறுப்பினர்களே எதிர்த்து எழுதினர். அந்த மாத முடிவிற்குள் பணம் விடுவிக்கப்பட்டது. ஓசையின்றி வெட்டியதை, ஓசை எழுப்பி மீட்டனர். பாடம் அதுவே.

டில்லியைச் சாடிவிட்டு நம் வீட்டுக் குப்பையைத் திண்ணைக்கு அடியில் தள்ளுவது தோழனுக்கு அழகன்று. பயிற்சி என்றால் காலையில் தேநீர், நடுவே கையெழுத்து, மாலையில் சான்றிதழ் என்று கழிந்த நாள்களும் நம்மிடம் உண்டு. மேலிருந்து கீழிறங்கும் ஒவ்வொரு படியிலும் செய்தி தேய்ந்து, வகுப்பறையை அடையும்போது வெறும் சொல்லாய் நின்றதும் உண்டு. ஓராசிரியர் பள்ளியின் அந்த ஒருவரையும் பயிற்சிக்கு அழைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யாததும் உண்டு. பணத்தைப் பெறப் போராடுகிறவன், பெற்ற பணத்தைப் பயனாக்கவும் கடமைப்பட்டவன். உரிமைக் குரலுக்கு வலிமை தருவது ஒழுங்கான கணக்கு.

எனவே, செய்யவேண்டியது என்ன? மூன்று சொல்வேன்.

ஒன்று: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்க்குத் தந்துள்ளது. அக்குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்திற்கு அடிப்படை என்றும் அச்சட்டம் கூறுகிறது. பெற்றோராக இருக்கும் தோழர்களே, அந்தக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். சுற்றுச்சுவர் கேட்கிறோம், கேளுங்கள். அத்துடன், "எங்கள் கணக்கு ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி வேண்டும்?" என்று அவரையே கேட்டு, அதையும் திட்டத்தில் எழுதச் செய்யுங்கள். எழுதாத தேவைக்கு எந்த ஏட்டிலும் நிதி கிடையாது.

இரண்டு: உங்கள் மாவட்டப் பயிற்சி நிறுவனத்தில் எத்தனை பணியிடம், எத்தனை காலி, சென்ற ஆண்டு எத்தனை நாள் பயிற்சி என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேளுங்கள். கிடைத்த விடையைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். அவர் எக்கட்சியினராயினும் கொடுங்கள்.

மூன்று: வழக்கின் முடிவு எதுவாயினும், டில்லியின் மூடிக்குக் கீழே அடங்காத தனி நிதி ஒன்று, ஆசிரியர் பயிற்சிக்கென்றே மாநில வரவு செலவுத் திட்டத்தில் இருக்கவேண்டும். அது சிறிதாயினும் ஆகுக, நம்முடையதாக இருக்கட்டும். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கல்வியை மீட்கும் வரை, இந்தச் சிறு விளக்கையாவது அணையாமல் காப்போம்.

தோழர்களே! கொட்டகைக்குத் திரும்புவோம். திரை உயரப் போகிறது. முன் வரிசையில் நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் டிக்கட் எடுத்து வந்தவர்கள் அல்லர்; நம்மை நம்பி வந்தவர்கள். மேடையில் நிற்கும் ஆசிரியரைப் பார்த்து, "வசனம் தெரியாதா?" என்று கேட்குமுன், "ஒத்திகைக்கு நாம் வழி செய்தோமா?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். வழியை அடைத்தவர் யார் என்பதை நாடறியச் சொல்வோம். அடைத்த வழியைத் திறக்கும் வரை ஓயாதிருப்போம்!