கெப் வண்டியின் உறுமல்

பின்புறம் திறந்த சுமைப்பெட்டி கொண்ட, இலங்கையில் கெப் என்றே எல்லோரும் சொல்லும் வண்டி, ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் மரக்கறி மூட்டை முதல் பதுளை போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் நோயாளி வரை அனைத்தையும் சுமப்பதால், அதன் சைலன்சர் ஓட்டையாகிவிட்டால் மாற்றாமல் இருக்க முடியாது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், சத்தமும் கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டுமே என்ற ஆசை அப்போது சேர்ந்துகொள்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது என்பதால், பசறையிலும் லுணுகலையிலும் வெலிமடையிலும் பழைய ஹைலக்ஸ் வண்டிகளும், டிமோ பட்டா என்று இங்கு பெயர் பெற்ற டாடா ஏஸ் சிறு லொறிகளும் ஒட்டுப்போட்டு ஓட்டப்படுகின்றன. கேள்வி இதுதான்: கையில் உள்ள சிறிய தொகைக்கு அந்த ஆசை எவ்வளவு தூரம் நிறைவேறும்?

சைலன்சர் என்பது எஞ்சினிலிருந்து வெடித்து வெளியேறும் புகையின் அழுத்த அலைகளை அடக்கும் தகரப் பெட்டி. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897 இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஓர் அலை திரும்பிவந்து மற்றோர் அலையை அழிக்குமாறு அமைக்கப்பட்டது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வரும் சைலன்சர்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றது, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடைத்தது. 'சவுண்ட்' வேண்டும் என்று கேட்போர் தேடிப்போவது இதைத்தான். கண்ணாடிப் பஞ்சு கீச்சென்ற உயர் ஒலிகளை உறிஞ்சுமே தவிர, அடித்தொண்டை ஒலியை அதனால் பிடிக்க முடியாது.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு 100 வெடிப்புகள் நிகழ்கின்றன. இவ்வாறு ஒரு விநாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே மீடிறன் எனப்படுகிறது. இரண்டு சிலிண்டர் மட்டுமே கொண்ட டாடா ஏஸில் அதே வேகத்தில் இது 50 தான். எட்டு சிலிண்டர் கொண்ட அமெரிக்க வண்டிகளிலோ இது 200 ஆக இருப்பதோடு, வலது, இடது என்று பிரிந்த இரு வரிசைகளில் வெடிப்புகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து விழுவதால்தான் திரைப்படங்களில் கேட்கும் அந்தக் குமுறல் பிறக்கிறது. சீராக வெடிக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்து எந்தப் பெட்டியாலும் அதை வரவழைக்க முடியாது. சத்தத்தைக் கூட்டலாம், குரலை மாற்ற முடியாது. டீசல் எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். அதன் சத்தத்தில் கணிசமான பங்கு எஞ்சின் உடம்பிலிருந்து வரும் 'டக டக' ஒலியாக இருப்பதால், சைலன்சரைத் திறந்துவிட்டால் அதனோடு இரைச்சலும் சேருமே தவிர கம்பீரம் சேராது. பத்து டெசிபெல் கூடினாலே காதுக்கு இரட்டிப்பாகத் தோன்றும் என்பதையும், மெல்லிய சுவரும் தகரக் கூரையுமாக வரிசையாக நிற்கும் லயங்களை ஒட்டியே தோட்டத்துப் பாதை போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு விடியுமுன் மரக்கறி ஏற்றிப் புறப்படும் ஒரு வண்டி எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது தெரியும்.

மலைநாட்டில் மட்டும் எழும் ஒரு தவறான கணிப்பும் உண்டு. வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக 1400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளைக்கு ஏறும் வண்டி இளைத்துப்போனால், சைலன்சர் அடைத்துக்கொண்டது என்று சொல்லி அதைக் கழற்றச் சொல்வோர் பலர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்போ, அதாவது காற்றை அழுத்தி ஊட்டும் கருவி, இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழந்தே தீரும். எந்தச் சைலன்சரும் அதைத் திருப்பித் தராது.

உண்மையான எதிரி துரு. டீசலோ பெற்றோலோ ஒரு லீற்றர் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிறது. தோட்டத்துக்கும் சந்திக்கும் இடையே குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் நன்றாகச் சூடேறாததால் அந்த நீர் உள்ளேயே தங்கி, டீசலின் கந்தகத்தோடு கலந்து அமிலமாகித் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. இந்த நீர் வடிவதற்காகவே பல சைலன்சர்களின் அடியில் தீப்பெட்டிக் குச்சி நுழையும் அளவில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அதைத் துருவின் ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுவது கராஜ்களில் சாதாரணமாக நடப்பதுதான். அடைத்தபின் பெட்டி இன்னும் விரைவில் உக்கிப்போகும்.

ஆகவே சிக்கனம் பார்ப்பவர் பெட்டிக்கு முன்பாக இணைப்புகளைப் பார்க்க வேண்டும். எஞ்சினை ஒட்டிய கேஸ்கட், கிளாம்ப், சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் ஆகியவை தேய்ந்திருந்தால் எழும் கரகரப்பை, பலர் பெட்டியின் குற்றமாகவே எண்ணிவிடுகிறார்கள். குண்டும் குழியுமான கல் பாதையில் முதலில் அறுவது அந்த ரப்பர்தான், அதுவே மலிவானதும்கூட. பெட்டி உண்மையாகவே போய்விட்டிருந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைக்கும் ஜப்பானிய ரீகண்டிஷன் பெட்டி, உள்ளூரில் தகரம் மடித்துச் செய்வதை விடப் பெரும்பாலும் நல்லது. அதே எஞ்சினுக்கோ சற்றே பெரிய எஞ்சினுக்கோ உரிய, கொள்ளளவு கூடிய பெட்டியானால் ஒலி தாழ்ந்து திரண்டு வரும், மலிவாகக் கிடைக்கக்கூடிய நல்ல 'சவுண்ட்' அதுவே. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டுவது மட்டும் கூடாது; வெல்டிங் சூட்டில் எழும் அதன் புகை, ஒட்டுபவருக்குக் காய்ச்சலை வருவிக்கும்.

ஒரே ஒரு மிச்சம் பிடித்தலைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். டெயில் பைப் எனப்படும் கடைசிக் குழாயைச் சுமைப்பெட்டியின் அடியிலேயே முடித்துவிட்டால், மணமற்ற நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் ஏனைய புகையும், மழைக்காக மேலே படங்கு கட்டிய பின்புறத்துக்குள் சுருண்டு ஏறும். அங்கு மூட்டைகளுக்கு நடுவே ஆட்களும் உட்கார்ந்திருப்பது தோட்டத்தில் அன்றாட நடைமுறை. குழாய் உடம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும்.

சத்தமான சைலன்சர்கள் மீது 2025 ஜூலையில் பொலிஸார் நாடளாவிய விசேட நடவடிக்கையைத் தொடங்கிய பிறகு, மாற்றியதைக் கழற்றிப் பழையதையே மாட்ட வேண்டிய நிலையும் பலருக்கு வந்தது. எனவே கழற்றிய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல் கொட்டகையில் வைத்திருப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.